இயந்திரத்துக்கு முன்னால் விதி வரட்டும்: பொது நூலக இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுத் தலைவர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிறு நகரத்துக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருப்பவள் நான். நம் பொது நூலகங்களில் செயற்கை நுண்ணறிவை எதற்கு வைத்துக்கொள்ளலாம், எதற்குக் கூடாது, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லும் ஒரு கொள்கையை இயக்ககம் எழுதி வெளியிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அந்தக் கருவி எப்போது நூலகத்துக்குள் வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். வந்துவிட்டது. காலையிலிருந்து வாசிப்பறையில் உட்கார்ந்து குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகளின் கைபேசியில் இருக்கிறது. நூலகர் மேசையிலும் இருக்கிறது: புத்தக நாள் விழாவுக்கு அழைப்பிதழ் எழுத, மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையைத் திருத்த, ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் புரிந்துகொள்ள. இதிலெல்லாம் குற்றம் காண நான் வரவில்லை. ஒரு ஆளாக நின்று நூலகத்தைத் திறந்து, கூட்டி, நாளிதழ் போட்டு, இரவல் கொடுத்து, கணக்கும் எழுதுகிறவருக்கு ஏதாவது ஒன்று கைகொடுத்தால் நல்லதுதான். ஆனால் எதுவரை போகலாம் என்று கேட்டால் அவருக்குக் காட்ட ஒரு தாள்கூட எங்கள் நூலகத்தில் இல்லை. அவரவர் மனசாட்சிப்படி நடக்கிறார்கள். மனசாட்சி நல்லதுதான், ஆனால் நாளைக்கு ஒரு புகார் வந்தால் அது அவரைக் காப்பாற்றாது.

சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் முயன்றதன் பலனாக வந்த சட்டம் அது. சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரிக்கும் அதுதான் அடிப்படை. வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், நூலக வாசலை மிதிக்காதவர்களும்கூட, அந்த வரியைக் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் நடக்கும் இடத்தில் என்ன கருவி நுழைகிறது, அது நம்மைப் பற்றி என்ன தெரிந்துகொள்கிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டதே, அது போதாதா என்று கேட்கலாம். அரசுத் துறைகள் இப்படி ஒரு அமைப்பை மக்களிடம் கொண்டுபோகுமுன் அதை எடைபோட ஒரு மதிப்பெண் அட்டையே அதில் இருக்கிறது. நல்ல முயற்சி, அந்த நேரத்தில் வேறு பல மாநிலங்கள் யோசிக்காததும்கூட. ஆனால் சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் எழுதும் இயந்திரம் ஒவ்வொருவர் கையிலும் புழங்கும் காலத்துக்கு முந்தைய கொள்கை அது. அப்புறம், நூலகம் மற்ற அலுவலகங்களைப் போன்றதும் இல்லை. தாலுகா அலுவலகத்தில் நாம் சான்றிதழ் கேட்கிறோம். நூலகத்தில் நம் மனதில் இருப்பதைக் கேட்கிறோம். அதற்குத் தனி விதி வேண்டும்.

என்னை இதை எழுத வைத்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், புறநானூற்றின் 267ஆம் பாடலைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். நீல மையில் ஆறு வரி, கீழே பொருள், திணை, துறை, பாடிய புலவர் பெயர், எல்லாம் ஒழுங்காக. கைபேசிச் செயலி தந்தது. ஏதோ ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க நூலகரிடம் கொண்டுபோனாள். அவர் அலமாரியிலிருந்து உரை நூலை எடுத்துப் பிரித்தார். 266க்கு அடுத்து 269 இருந்தது. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் நமக்குக் கிடைக்கவே இல்லை. உ.வே.சா. 1894இல் பதிப்பித்தபோதே இல்லை. அந்த மனிதர் ஏடு ஏடாகத் தேடி அலைந்தவர், சங்கத் தமிழில் ஊறியவர். நினைத்திருந்தால் ஓர் ஆசிரியப்பா இயற்றி அந்த இடத்தை நிரப்பியிருக்க முடியும். செய்யவில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று விட்டார். கைபேசியில் இருந்த இயந்திரம் ஒரு நொடியில் அந்த இடத்தை நிரப்பிவிட்டது, புலவர் பெயரோடு.

அந்தப் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. பாடல் பார்ப்பதற்குச் சங்கப் பாடல் போலவே இருந்தது. நூலகர் உரை நூலை எடுக்காமல் இருந்திருந்தால், அல்லது அன்று அந்த நூலகத்தில் உரை நூல் இல்லாமல் இருந்திருந்தால், அது அப்படியே குறிப்பேட்டிலிருந்து இன்னொரு குறிப்பேட்டுக்கும், அங்கிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கும் போயிருக்கும். இயந்திரம் எழுதித் தரும் மாதிரி வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இப்போது அந்தக் குழுக்களில் சுற்றுகின்றன. ஒரு மதிப்பெண்ணில் வேலை போகும் தேர்வு இது.

ஆகவே கொள்கையின் முதல் விதியாக நான் கேட்பது: நூலகம் என்ற பெயரில் வாசகருக்குச் சொல்லப்படும் எந்தப் பதிலுக்கும் மூலம் காட்ட வேண்டும். இன்ன நூல், இன்ன பக்கம், இன்ன அரசாணை என்று. நூலகர் இயந்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், ஆனால் அது சொன்னதை நூலிலோ நம்பத்தகுந்த ஆவணத்திலோ சரிபார்த்த பிறகே வாசகரிடம் சொல்லட்டும். சரிபார்க்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லட்டும். மருந்து, சட்டம், அரசின் நலத்திட்டம் பற்றிய கேள்விகளுக்கு இந்த விதியில் இம்மியும் தளர்வு கூடாது. கையில் ஒரு வங்கி நோட்டீஸை வைத்துக்கொண்டு இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு வரும் பெரியவர்கள் எல்லா ஊர் நூலகத்திலும் உண்டு. அவர்களுக்கு நூலகர் சொல்வதுதான் வேதவாக்கு. அந்த வாக்கின் பின்னால் யாருக்கும் பொறுப்பில்லாத ஒரு இயந்திரம் இருந்துவிடக் கூடாது.

மாவட்டத் தலைமையிடத்து நூலகங்களிலோ பெரிய நூலகங்களிலோ கேள்வி-பதில் இயந்திரம் ஒன்றை வைக்க நினைத்தால், அதற்கும் வழி இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 2024இல் ஒன்று செய்து பார்த்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்தினத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கலாம், இயந்திரம் பதில் சொல்லும். ஆனால் அந்தப் பதிலைத் தெரிந்தெடுத்து உள்ளே வைத்த நூல்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும்தான் எடுக்கும்படி கட்டியிருந்தார்கள். எதிலிருந்து படிக்க வேண்டும் என்று நூலகர்கள் முடிவு செய்தார்கள். நம்மிடம் இதைச் செய்ய நூலகர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது எனக்கு இன்னும் கவலை தருவது: வாசகரின் அந்தரங்கம்.

நம் நூலகங்களில் நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதிக் கையொப்பம் போடுகிறோம். அடுத்து வருகிறவர் அதைப் பார்க்கலாம், யாரும் பெரிதாக நினைப்பதில்லை. உறுப்பினர் படிவத்தில் முகவரியும் கைபேசி எண்ணும் இருக்கின்றன. யார் எந்த நூலை எடுத்தார் என்பது இரவல் பதிவில் இருக்கிறது. காகிதத்தில் இருந்தவரை இவை அந்த ஊரைத் தாண்டிப் போகவில்லை. இப்போது ஒரு நல்ல மனதுக்கார ஊழியர், உறுப்பினர் பட்டியலை அகர வரிசையில் அடுக்கித் தரச் சொல்லி இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஏஐ செயலியில் ஒட்டினால் என்ன ஆகும்? ஐந்நூறு பேரின் பெயரும் எண்ணும் எங்கோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடும். அது தவறு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

யார் எதைப் படிக்கிறார்கள் என்பது சாதாரணச் செய்தி என்று நினைக்காதீர்கள். விவாகரத்துச் சட்டம் பற்றிய நூலை ஒரு பெண் எடுக்கிறாள். சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று ஒரு பையன் தேடுகிறான். மனநோய் பற்றி ஒருவர், மதுவை விடுவது பற்றி இன்னொருவர். சின்ன ஊரில் இந்தச் செய்தி வெளியே போனால் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நூலகத்தின் தேடல் இயந்திரத்திடம் அவர்கள் தட்டச்சு செய்யும் கேள்விகள் இரவல் பதிவைவிட இன்னும் நேரானவை, மனதைத் திறந்து கேட்பவை.

2005இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர்களின் விவரத்தைத் தரச் சொல்லி அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஒரு கடிதம் கொடுத்தது. கடிதம் வந்ததையே வெளியில் சொல்லக் கூடாது என்று உத்தரவு. நான்கு நூலகர்கள் தர மறுத்து நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு எஃப்பிஐ பின்வாங்கியது. வாசகர் என்ன படித்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையே நிற்க வேண்டியது என்ற ஒரே நம்பிக்கையில் அவர்கள் அரசாங்கத்தோடு மோதினார்கள். அப்படி மோதச் சொல்லி நம் நூலகர்களை நான் கேட்கவில்லை. ஒரு விதியை எழுதித் தாருங்கள் என்று உங்களைக் கேட்கிறேன்: வாசகரின் பெயர், எண், இரவல் விவரம், கேட்ட கேள்வி எதுவும் இயக்ககம் ஒப்பந்தம் போடாத எந்த வெளி இயந்திரத்துக்கும் போகக் கூடாது. ஒப்பந்தம் போட்டதற்கும், வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும், அதைக்கொண்டு தன் இயந்திரத்தைப் பயிற்றுவிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் நாட்டின் சட்டமே வழி காட்டுகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. நம் நூலகங்களின் சிறுவர் பகுதியில் கதை சொல்லும் ஏஐ திரை ஒன்றை யாராவது நன்கொடையாகத் தர முன்வந்தால், வாங்கிக்கொள்ளுமுன் இதைக் கேட்க வேண்டும். அது எட்டு வயதுப் பிள்ளையின் குரலைப் பதிவு செய்கிறதா? எங்கே வைக்கிறது? பதில் எழுத்தில் வராவிட்டால் திரை வேண்டாம்.

புத்தகக் கொள்முதல் பற்றியும் சொல்ல வேண்டும். நூலக ஆணை கிடைக்குமா என்று ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் சிறு பதிப்பாளர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த ஆணைதான் அடுத்த நூலுக்கு முதல். ஒருவர் மூன்று ஆண்டு உட்கார்ந்து மொழிபெயர்த்த நாவலும், இன்னொருவர் ஒரே இரவில் இயந்திரத்தில் போட்டு எடுத்த நாவலும் ஒரே விண்ணப்பத்தில், பக்கக் கணக்கில் விலை போட்டு வந்து நின்றால், தேர்வுக் குழு எப்படிப் பிரித்தறியும்? அட்டை இரண்டும் அழகாகவே இருக்கும். உள்ளே நாலு பக்கம் படித்தால்தான் தெரியும். நூற்றுக்கணக்கான நூல்களை வைத்துக்கொண்டு நாலு பக்கம் படிக்க யாருக்கு நேரம்?

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்கப் பொது நூலகங்களுக்கு மின்னூல் தரும் ஹூப்லா என்ற சேவையில் இயந்திரம் எழுதித் தள்ளிய தரமற்ற நூல்கள் கலந்திருப்பது 2025 தொடக்கத்தில் வெளியே வந்தது. அங்கே ஒவ்வொரு இரவலுக்கும் நூலகம் பணம் கட்டுகிறது. அதாவது அந்தக் குப்பைக்கும் மக்கள் வரிப்பணம் போயிருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழோடு வந்த இணைப்பில் கோடை விடுமுறைக்கு வாசிக்க 15 நூல்களைப் பரிந்துரைத்தார்கள். அதில் 10 நூல்கள் உலகத்திலேயே இல்லை. பெயர் போன எழுத்தாளர்களின் பெயரில் இயந்திரம் இட்டுக்கட்டிய தலைப்புகள். பட்டியலை நம்பி நூலகத்துக்குப் போய்க் கேட்ட வாசகருக்கு நூலகர் என்ன பதில் சொல்வார்?

நூல் கொள்முதல் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைச் சேருங்கள். இந்த நூலின் எழுத்தில், மொழிபெயர்ப்பில், ஓவியத்தில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று பதிப்பாளர் கையொப்பமிட்டுச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்த மனிதரின் பெயர் கட்டாயம் இருக்கட்டும். பொய் சொன்னது தெரிந்தால் சில ஆண்டுகளுக்கு அந்தப் பதிப்பகத்தின் நூல்களை வாங்க மாட்டோம் என்று சொல்லுங்கள். பிழை திருத்த, அட்டை வடிவமைக்கக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களை இதில் போட்டு அலைக்கழிக்க வேண்டாம். மனித உழைப்பு என்று சொல்லி இயந்திரச் சரக்கை விற்பவர்களைத்தான் தடுக்க வேண்டும். தேர்வு வழிகாட்டி நூல்களில் இதை முதலில் தொடங்கலாம், ஏனென்றால் அங்கேதான் இது அதிகம் நடக்க வாய்ப்பு.

எந்த நூலை வாங்குவது, எதைக் கழிப்பது என்ற முடிவை மட்டும் எந்தக் காலத்திலும் இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள். 2023இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேசன் சிட்டி என்ற ஊரின் பள்ளி நிர்வாகம், புதிய சட்டம் ஒன்றுக்கு இணங்க நூலகத்திலிருந்து எந்தெந்த நூல்களை நீக்க வேண்டும் என்று சாட்ஜிபிடியிடம் கேட்டது. நூல்களையெல்லாம் படிக்க நேரமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 19 நூல்கள் அலமாரியிலிருந்து போயின. படிக்காமலே ஒரு நூலை வெளியேற்றுவது என்றால், அது நூலகத்தின் வேலையே இல்லை.

இதில் தமிழுக்கென்று ஒரு ஆபத்தும் இருக்கிறது. இந்த இயந்திரங்கள் இணையத்தில் கிடைத்ததைப் படித்துக் கற்றவை. இணையத்தில் இல்லாத தமிழ் அவற்றுக்குத் தெரியாது. ஒரு ஊர்ப் பள்ளியின் வெள்ளிவிழா மலர், நின்றுபோன சிற்றிதழ்களின் பைண்டு செய்த தொகுப்பு, ஒடுக்கப்பட்ட மக்கள் தாங்களே அச்சிட்டு விநியோகித்த சிறு வெளியீடுகள், உள்ளூர்ப் புலவர் எழுதிய தல வரலாறு, இவையெல்லாம் நம் நூலகங்களின் பின்னறைகளில் தூசியோடு இருக்கின்றன. நாளைக்கு ஒரு இயந்திரம் எது அதிகம் இரவல் போகிறது என்று பார்த்து, இவை பயனற்றவை, கழித்துவிடலாம் என்று பட்டியல் தரும். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருமுறையாவது நூலைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள்.

இவ்வளவு தடை சொல்கிறேனே தவிர, கருவியே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. ஏஐ விற்க வருகிறவர்கள் இந்த விதியைத்தான் உங்களிடம் முதலில் எடுத்துக்காட்டுவார்கள். காட்டட்டும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்ற இரண்டாம், மூன்றாம் விதிகள் அதற்கு முன்னால் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் உதவுகிற இடத்தில் இயந்திரத்தைத் தாராளமாக வைக்கலாம்.

பார்வையற்ற வாசகர்களை முதலில் சொல்வேன். சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் அவர்களுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. ஆனால் அச்சில் வரும் தமிழ் நூல்களில் பிரெய்லிலோ ஒலி நூலாகவோ மாறுவது மிகமிகக் கொஞ்சம். இன்றைக்கு ஒரு பக்கத்தைப் படமெடுத்தால் எழுத்தை உணர்ந்து, கேட்கக்கூடிய தமிழில் வாசிக்கும் கருவிகள் வந்துவிட்டன. உச்சரிப்பு அங்கங்கே தட்டும், பெயர்ச்சொல்லில் தடுமாறும். இருந்தாலும், யாராவது வாசித்துக் காட்ட வருவார்களா என்று ஒரு வாரம் காத்திருக்கும் கல்லூரி மாணவருக்கு அது பெரிய விடுதலை. அந்த வசதி சென்னையிலும் மதுரையிலும் மட்டும் இருந்தால் போதாது. மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். கண்புரை வந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

அடுத்து நூற்பட்டியல். ஒரே எழுத்தாளரின் பெயர் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக ஏறியிருக்கும், புனைபெயரில் தேடினால் ஒன்று வரும், இயற்பெயரில் தேடினால் வேறொன்று வரும். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்று பட்டியலுக்குத் தெரியாது. இப்படிச் சிதறிக் கிடப்பதை அடையாளம் கண்டு, இவை ஒன்றாக இருக்கலாம் என்று நூலகருக்குக் காட்ட இயந்திரத்தால் முடியும். ஒன்றுதான் என்று உறுதி செய்வது நூலகர் கையில் இருக்கட்டும்.

பழைய நூல்களை மின்னுருவாக்குவதிலும் வேலை நிறைய இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான நூல்களில் ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போல வளைந்த வடிவில் இருக்கும். றா, னா, ணா வடிவமும் வேறு. இன்றைய எழுத்துக்குப் பழகிய எழுத்துணரி மென்பொருள் அங்கே வழுக்கி விழும். அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. இயந்திரம் ஒரு முறை படித்துத் தர, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் திருத்தித் தந்தால், இரண்டு பேர் வேலையும் பயனுள்ளதாகும். எங்கள் வாசகர் வட்டத்திலேயே இதற்கு ஆள் உண்டு.

ஆனால் இந்த இடத்தில்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். சென்னைக் கன்னிமாரா, 1896இல் திறந்த நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களில் ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. தமிழ் அச்சின் இவ்வளவு பெரிய சேமிப்பு ஒரு கையில் இருக்கும்போது, செலவில்லாமல் மின்னுருவாக்கித் தருகிறோம் என்று யாராவது வருவார்கள். தங்கள் இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்க நூல் தேடி அலையும் நிறுவனங்களுக்கு அது புதையல். இலவசம் என்று வருவதன் விலை அந்த நூல்கள்தான். எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகாத நூல்களுக்குக் காப்புரிமை இருக்கிறது. எழுத்தாளரையோ அவர் வாரிசுகளையோ கேட்காமல் அவற்றை இயந்திரப் பயிற்சிக்குக் கொடுக்க நூலகத்துக்கு உரிமை கிடையாது. நாட்டுடைமையான நூல்களுக்கு அந்தத் தடை இல்லை. அவற்றைத் தாராளமாகத் தரலாம், ஆனால் எல்லாருக்கும் சமமாக, திறந்த முறையில் தர வேண்டும். எடுத்த படங்களும் எழுத்தும் இயக்ககத்தின் சொத்தாக இருக்க வேண்டும், ஒரு நிறுவனத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் அதன் முழு வாசகமும் இயக்ககத்தின் இணையதளத்தில் பொதுவில் இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. டாலரில் மாதச் சந்தா கட்டும் ஒரு கருவியை வாங்கப் போகிறீர்கள் என்றால், அதே பணத்துக்கு எத்தனை நாளிதழும் பருவ இதழும் வாங்கலாம் என்ற கணக்கையும் கோப்பில் வையுங்கள். ஒரே நூலகர் இரண்டு நூலகங்களை மாறிமாறித் திறக்கும் ஊர்கள் இருக்கின்றன. காலியாக இருக்கும் நூலகர் பணியிடத்துக்கு இயந்திரம் மாற்று ஆகாது என்று கொள்கையில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். புறநானூற்று உரை நூலை அலமாரியிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணுக்குக் காட்டியவர் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர். அவர் அங்கே இருந்ததால் எடுத்தார்.

இந்தக் கொள்கையை யார் எழுதுவது என்பதும் முக்கியம். கணினி நிறுவனத்தாரும் பேராசிரியர்களும் மட்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் எண்பது பக்கம் எழுதினால் அது பீரோவுக்குள் போகும். குழுவில் ஊர்ப்புற நூலகர் ஒருவர், கிளை நூலகர் ஒருவர், பார்வையற்ற வாசகர் ஒருவர், வாசிப்பறையில் படிக்கும் மாணவி ஒருவர், ஒரு சிறு பதிப்பாளர், ஒரு மொழிபெயர்ப்பாளர், தரவுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் இருக்கட்டும். தமிழில் எழுதுங்கள். நாலு பக்கத்துக்குள் முடியட்டும். அதோடு நூலகர்களுக்கு ஒரு நாள் பயிற்சியாவது வேண்டும். பயிற்சியில் 267ஆம் பாடலைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எந்த விளக்கமும் தேவைப்படாது. கருவிகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால், ஆண்டுக்கு ஒருமுறை கொள்கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தவறு நேர்ந்தால் வாசகர் யாரிடம் புகார் சொல்வது என்பதற்கு ஒரு பதவிப் பெயரும் முகவரியும் வேண்டும்.

வரைவு தயாரானதும் இணையதளத்தில் போடுவதோடு நிறுத்தாமல், நாலாயிரத்துக்கு மேற்பட்ட நம் நூலகங்கள் ஒவ்வொன்றின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி, இரண்டு மாதமாவது கருத்துக் கேளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, உறுப்பினர்கள் சொல்லும் திருத்தங்களையும் சேர்த்து, மாவட்ட நூலக அலுவலர் வழியாக முறைப்படி உங்களுக்கு அனுப்ப இருக்கிறோம். பெற்றுக்கொண்டதாக ஒரு பதிலும், குழு எப்போது அமையும் என்ற தேதியும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்